தெருவிளக்கு மாற்ற வந்தால் நாம் என்ன பார்க்க வேண்டும்?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் குடியிருப்போரிடம், உள்ளாட்சித் தெருவிளக்குப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கையில் போனோடு உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளே, போனை உள்ளே வைக்கச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு நான் பேசப்போகிற விஷயத்துக்கு அந்தப் போன் ரொம்பவே வேணும்.

நான் ஒரு நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். ஏணி வண்டியில் ஏறி ட்யூப் லைட் மாட்டியதும் உண்டு, மேசையில் உட்கார்ந்து புகார்ப் புத்தகம் எழுதியதும் உண்டு. அந்தப் புத்தகத்தில் நானே செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைங்க.

ஒரு மெயின் ரோட்டில், பள்ளத்தை ஒட்டின ஒரு கம்பத்து விளக்கு எரியலைன்னு புகார் வந்தது. ஆளை அனுப்பினேன். போனவர் பகல் 11 மணிக்குச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், எரிந்தது. 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிப் புகாரை முடித்தேன். அடுத்த வாரம் அதே கம்பம், அதே புகார். மறுபடியும் பகலில் பார்த்தோம், எரிந்தது, முடித்தோம். மூன்றாவது முறையும் அப்படியே. அது பழைய சோடியம் விளக்கு. குளிர்ந்த நிலையில் போட்டால் எரியும். அரை மணி நேரம் சூடானதும் அணைந்துவிடும், ஆறினதும் திரும்ப எரியும். வயசான சோடியம் பல்புக்கு அதுதான் வியாதி. பகலில் 5 நிமிஷம் பார்த்தால் தெரியாது.

ஒரு நாள் விடியற்காலை, சின்ன வெங்காயம் விற்க மூட்டையோடு சந்தைக்கு நடந்து போன ஒரு பெரியவர், இருட்டில் மூடியில்லாத வாய்க்காலில் கால் வைத்து விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. 'தம்பி, ராத்திரி ஒருவாட்டி வந்து பார்த்திருக்கலாமேப்பா' என்று மட்டும் கேட்டார். நான் புகாரை முடித்தது பகலில், விளக்கு எரிய வேண்டியது ராத்திரியில். அன்றைக்குப் பிறகு, சாயங்காலம் ஒரு சுற்று போகாமல் ஒரு புகாரையும் நான் முடித்ததில்லை.

இப்போது பல ஊர்களில் பழைய விளக்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டுகிறார்கள். உங்கள் தெருவிலும் மாட்டியிருக்கலாம், இல்லை மாட்டப் போகலாம். நல்ல காரியம். ஆனால் நல்ல காரியமும் சரியாக நடக்க வேண்டும் என்றால், வெளிச்சத்தில் நடக்கிற நீங்கள் என்ன பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பழைய விளக்கில் என்ன குறை?

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் குண்டு பல்பு, அப்புறம் ட்யூப் லைட், மெயின் ரோட்டில் மஞ்சளாக எரிகிற சோடியம் வேப்பர். ஒவ்வொன்றும் வந்த காலத்தில் முன்னேற்றம்தான். நம் பக்கத்து மாநிலத்தில் பெங்களூருக்கு மின்சாரத் தெருவிளக்கு வந்தது 1905-ல். அங்கிருந்து கணக்குப் போட்டால், நாம் ஒவ்வொரு இருபது முப்பது வருஷத்துக்கும் விளக்கை மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறோம்.

சோடியம் விளக்கு நல்ல வெளிச்சம் தரும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நிறம் தெரியாது. சிவப்புச் சேலையும் பழுப்புச் சேலையும் ஒன்று போலத் தெரியும். வண்டியில் இடித்துவிட்டு ஓடினவன் என்ன கலர் வண்டியில் போனான் என்று கேட்டால் சொல்ல முடியாது. நிறத்தைச் சரியாகக் காட்டுவதற்கு 100 வரை மதிப்பெண் உண்டு. சாதாரண சோடியம் விளக்குக்கு அதில் சுமார் 25 தான். தெருவுக்கு வருகிற எல்.இ.டி.க்கு 70 அல்லது அதற்கு மேல் இருக்கும். ராத்திரி கடை மூடிவிட்டு வருகிற பெண்ணுக்கு, எதிரே வருகிறவர் முகம் தெரிகிறதா இல்லையா என்பதுதான் இந்த எண்ணுக்கு அர்த்தம்.

இரண்டாவது, கரண்ட் செலவு. ட்யூப் லைட்டும் சோடியமும் சோக் இல்லாமல் எரியாது. சோக் தானும் கரண்ட் சாப்பிடும். 40 வாட் ட்யூப் என்று சொல்வோம், சாதாரணச் சோக்கையும் சேர்த்தால் 52 வாட் வரும். 250 வாட் சோடியம், சோக்கோடு சுமார் 275 வாட்.

மூன்றாவது, பாதரசம். ட்யூப் லைட்டிலும் சோடியம் வேப்பரிலும் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் மண்ணுக்கும் தண்ணிக்கும் கேடு. அதனால்தான் மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், ட்யூப் லைட் உற்பத்தியை 2027-ம் ஆண்டு முடிவுக்குள் நிறுத்துவதென்று 2023-ல் முடிவெடுத்தன. இனி பழையதற்கு உதிரிப் பொருள் கிடைப்பதே கஷ்டமாகும்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு என்றால் பயப்பட வேண்டாம், வீட்டுக் கரண்ட் பில் மாதிரிதான்.

2 கிலோமீட்டர் சாலை. 33 மீட்டருக்கு ஒரு கம்பம் என்றால் 60 கம்பம். ஒவ்வொன்றிலும் 250 வாட் சோடியம், சோக்கோடு 275 வாட். சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை 12 மணி நேரம் எரிந்தால், ஒரு விளக்குக்கு ஒரு ராத்திரிக்கு 3.3 யூனிட். வருஷத்துக்கு ஏறக்குறைய 1,204 யூனிட்.

அதே கம்பத்தில் 120 வாட் எல்.இ.டி. மாட்டினால் ஒரு ராத்திரிக்கு 1.44 யூனிட், வருஷத்துக்கு 525 யூனிட். ஒரு கம்பத்துக்கு 679 யூனிட் மிச்சம். 60 கம்பத்துக்கு 40,740 யூனிட். ஒரு யூனிட் 8 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 3 லட்சத்து 26 ஆயிரம் ரூபாய் மிச்சம். ஒரே ஒரு சாலையில்.

ஊராட்சிக்கும் பார்ப்போம். ஒரு ஊராட்சியில் 100 ட்யூப் லைட் இருக்கிறது. 52 வாட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. ஒரு விளக்குக்கு வருஷத்துக்கு 140 யூனிட் மிச்சம், மொத்தம் 14,000 யூனிட். அதே 8 ரூபாய்க் கணக்கில் 1 லட்சத்து 12 ஆயிரம். இது யார் பணம்? உங்கள் பணம். தெருவிளக்குக் கரண்ட் பில்லை உள்ளாட்சிதான் மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. மிச்சமாகிற பணம் குடிநீர் மோட்டாருக்கோ வாய்க்கால் மூடிக்கோ போகலாம். என் கதையில் வந்த பெரியவருக்கு அந்த வாய்க்கால் மூடி எவ்வளவு முக்கியம் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் மத்திய அரசும் 2015 ஜனவரி 5-ம் தேதி தெருவிளக்குக்கென்றே ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. நம் மாநிலத்தில் அதற்கு முன்பே, ஊராட்சிகளில் 1 லட்சம் சூரிய ஒளித் தெருவிளக்கு, வருஷத்துக்கு 20,000 என்று 2011-12-ல் திட்டம் வந்தது. சென்னையில் மட்டும் 2.5 லட்சத்துக்கும் மேல் தெருவிளக்குகள் இருக்கின்றன. அங்கே சோடியம் போய் எல்.இ.டி. வந்ததை, சென்னைக்குப் போய் வருகிற நீங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள்.

நம் ஊருக்கு ஏன் இது கூடுதல் முக்கியம்?

பெரம்பலூர் டவுனில் ரயில் கிடையாது. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வருகிறவர்கள் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கித்தான் வர வேண்டும். 2 மணிக்கும் 3 மணிக்கும் பெட்டியோடு, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டில் நடக்கிறவர்களைப் பாருங்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் கூட வருகிற ஒரே துணை தெருவிளக்குதான்.

அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல் ஏற்றின டிப்பர் லாரிகள் ராப்பகலாக ஓடுகிற சாலைகள். அதே சாலையில் சைக்கிளில், டி.வி.எஸ். 50-ல் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். லாரி டிரைவர் கண்ணுக்குச் சைக்கிள்காரர் தெரிய வேண்டும். அதோடு அங்கே பறக்கிற தூசி விளக்குக் கண்ணாடியில் படிந்தால் வெளிச்சம் குறையும். எவ்வளவு விலை கொடுத்து எல்.இ.டி. மாட்டினாலும் துடைக்கவில்லை என்றால் பயன் பாதிதான்.

பெரம்பலூரில் பாலக்கரை, துறைமங்கலம், சங்குப்பேட்டை, நான்கு ரோடு, மூன்று ரோடு என்று எங்கே பார்த்தாலும் சந்திப்புகள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் வேகம் ஒரு பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் சாலையைக் கடப்பது ஒரு பக்கம். சந்திப்பில் ஒரு விளக்கு அணைந்தால், தெருவில் பத்து விளக்கு அணைந்ததற்குச் சமம்.

மாற்றும்போது நடக்கிற தவறுகள்

எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் நாலு சொல்கிறேன்.

முதல் தவறு, பழைய விளக்கு இருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு புது விளக்கை மாட்டுவது. சோடியம் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். எல்.இ.டி. வெளிச்சம் ஒரு திசையில் போகும். லென்ஸும் சாய்வும் சரியாக இல்லையென்றால் கம்பத்தடியில் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம், இரண்டு கம்பத்துக்கு நடுவில் கும்மிருட்டு. அதிக வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகிறபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழைய விளக்கே தேவலைன்னு ஜனங்கள் சொல்வது இந்த மாதிரி இடத்தில்தான்.

இரண்டாவது, மரக்கிளை. புங்கமரம், வேப்பமரம் வளர்ந்து விளக்கை மூடியிருக்கும். கிளையைக் கழிக்காமல் விளக்கை மட்டும் மாற்றினால் மரத்துக்குத்தான் வெளிச்சம். மரத்தை வெட்டச் சொல்லவில்லைங்க. விளக்கை மறைக்கிற கிளையை மட்டும் கழித்தால் போதும்.

மூன்றாவது, மின்னழுத்தப் பாதுகாப்பு. எல்.இ.டி. சில்லு சுலபத்தில் சாகாது. உள்ளே இருக்கிற டிரைவர் என்கிற மின்சுற்றுதான் முதலில் போகும். இடி மின்னல் நேரத்திலோ, லைனில் நியூட்ரல் விட்டுப்போனாலோ, 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைக்கும் வரலாம். அப்போது வரிசையாகப் பத்துப் பதினைந்து விளக்கு ஒரே ராத்திரியில் போகும். 'எல்.இ.டி. மட்டமான சரக்கு' என்று திட்டுவோம். சில சமயம் குற்றம் விளக்கில் இல்லை, லைனில் இருக்கும். அதைச் சரி செய்யாமல் திரும்பத் திரும்ப விளக்கு மாட்டினால், திரும்பத் திரும்பப் போகும்.

நாலாவது, கண்ணைக் கூசுகிற வெள்ளை. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பளிச்சென்று தெரியும், ஆனால் வயசானவர்களுக்குக் கண் கூசும். வீட்டு ஜன்னல் வழியாக விழுந்தால் தூக்கமும் கெடும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-லேயே, தெருவிளக்கு 3,000 கெல்வினுக்குள், அதாவது இளமஞ்சள் வெள்ளையாக இருப்பது நல்லது என்று சொன்னது. குடியிருப்புத் தெருவில் மாட்டும்போது இதை நீங்கள் கேட்கலாம்.

எவ்வளவு வெளிச்சம் வேணும்?

இதற்கு நம் நாட்டில் தரநிலையே உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1944. தரையில் விழுகிற வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற அளவில் சொல்வார்கள். பௌர்ணமி நிலவு வெளிச்சம் ஒரு லக்ஸில் கால் பங்குதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமும் நெரிசலும் மிகுந்த முக்கியச் சாலைக்குச் சராசரி 30 லக்ஸ். நகரின் மற்ற மெயின் ரோட்டுக்கு 15. கடைத்தெரு போன்ற இரண்டாம் நிலைச் சாலைக்கு 8. போக்குவரத்துக் குறைந்த தெருவுக்கு 4. சராசரி மட்டும் போதாது. மெயின் ரோட்டில் ரொம்ப மங்கலான இடம்கூடச் சராசரியில் 100-க்கு 40 பங்குக்குக் குறையக்கூடாது.

இப்போது போனை எடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனில் திரைக்கு மேல் ஒளி உணரி இருக்கிறது. லக்ஸ் மீட்டர் என்று இலவசச் செயலிகள் கிடைக்கும். ராத்திரி 8 மணிக்கு மேல், சாலை ஓரத்தில் நின்றுகொண்டு, போனைத் திரை வானத்தைப் பார்க்கிற மாதிரி தரையில் வையுங்கள். கம்பத்தடியில் ஒரு அளவு, இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஒரு அளவு. தயவுசெய்து நடுரோட்டில் போய் உட்காராதீர்கள். இந்த அளவு அதிகாரப்பூர்வமானது இல்லை, போனுக்குப் போன் வித்தியாசம் வரும். ஆனால் ஒரே போனில் கம்பத்தடியில் 25, நடுவில் 2 என்று வந்தால், அங்கே குறை இருக்கிறதென்று சொல்ல அது போதும். 'ரொம்ப இருட்டா இருக்கு சார்' என்று சொல்வதற்கும், 'நடுவில் 2 தான் சார் காட்டுது' என்று படத்தோடு சொல்வதற்கும் வித்தியாசம் உண்டுங்க.

விளக்கு யாருடையது?

பாதிப் புகார் தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவதால்தான் தாமதமாகிறது. கம்பம் பெரும்பாலும் மின்வாரியத்தினுடையது. அதில் இருக்கிற விளக்கு உள்ளாட்சியினுடையது. ஒரே விளக்கு அணைந்தால் உள்ளாட்சியிடம் சொல்லுங்கள். தெரு முழுக்க வீட்டுக்கும் சேர்த்துக் கரண்ட் இல்லையென்றால், கம்பி அறுந்து தொங்கினால், கம்பம் சாய்ந்தால் மின்வாரியத்திடம்.

நகராட்சிப் பகுதியில் தெருவிளக்கு நகராட்சியின் வேலை. அரசமைப்புச் சட்டத்தின் 12-வது அட்டவணையிலேயே தெருவிளக்கு நகர உள்ளாட்சிக்கான பொறுப்பாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. கிராம ஊராட்சிக்கு, 1994-ம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-வது பிரிவு குடியிருப்புப் பகுதியில் பொதுச் சாலைகளுக்கு விளக்குப் போடுவதைக் கடமையாக வைத்திருக்கிறது. ஆக, நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

நம் பகுதியில் யார் யார் என்று பார்த்தால், பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர் நகராட்சி, குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லெப்பைக்குடிகாடு பேரூராட்சிகள், 121 கிராம ஊராட்சிகள். அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிகள், உடையார்பாளையம், வரதராஜன்பேட்டை பேரூராட்சிகள், 201 கிராம ஊராட்சிகள். உங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். எந்த உள்ளாட்சி பெயர் இருக்கிறதோ, அதுதான் உங்கள் தெருவிளக்குக்கும் பொறுப்பு.

டோல் வாங்குகிற தேசிய நெடுஞ்சாலையில், மேம்பாலத்தில் விளக்கு எரியவில்லையென்றால் நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணுக்குச் சொல்லலாம்.

போனிலிருந்து புகார் செய்வது எப்படி?

படம் எடுங்கள். ராத்திரியில் இருட்டுத் தெரிகிற மாதிரி ஒன்று, பகலில் கம்பத்து எண் தெரிகிற மாதிரி ஒன்று. கம்பத்தில் பெயிண்டில் எண் எழுதியிருப்பார்கள். எண் அழிந்திருந்தால் பக்கத்தில் இருக்கிற கடை, கோயில், பள்ளி பெயரை எழுதுங்கள். 'எங்க தெருவில்' என்று மட்டும் எழுதினால் வயர்மேன் எந்தக் கம்பத்தில் ஏறுவார்? மேப்பில் இடத்தைக் குறித்து அதன் இணைப்பையும் சேர்த்தால் நேராக வந்து நிற்பார்.

எப்படி எரியவில்லை என்பதையும் எழுதுங்கள். எரியவே இல்லையா, எரிந்து எரிந்து அணைகிறதா, மழை பெய்தால் மட்டும் அணைகிறதா, பகலிலும் எரிகிறதா? இந்த ஒரு வரி எனக்கு அன்றைக்குக் கிடைத்திருந்தால் அந்தப் பெரியவர் விழுந்திருக்க மாட்டார்.

முதலில் உங்கள் நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சிக்குச் சொல்லுங்கள். வேலை நடக்கவில்லையென்றால் முதலமைச்சரின் உதவி மையம் 1100. மின்கம்பி, கம்பம், கரண்ட் சம்பந்தப்பட்டது என்றால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. இது 2021-ல் தொடங்கினது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். 'முடிந்தது' என்று குறுஞ்செய்தி வந்ததும் நம்பிவிடாதீர்கள். அன்று ராத்திரி 9 மணிக்குப் போய் ஒரு தடவை பாருங்கள். எரியவில்லையென்றால் அதே எண்ணைச் சொல்லி மறுபடியும் திறக்கச் சொல்லுங்கள். எரிந்தால் ஒரு நன்றி சொல்லுங்கள். ஏணி வண்டியில் ஏறினவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த கம்பத்துக்குச் சீக்கிரம் போவோம்.

இருட்டுச் சாலையில் தனியாக மாட்டிக்கொண்டு பயமாக இருக்கிறது என்றால் அது தெருவிளக்குப் புகார் இல்லை, அவசரம். தமிழ்நாடு காவல் துறையின் 'காவல் உதவி' செயலியைப் போனில் இப்போதே ஏற்றி வையுங்கள். அவசர எண் 112, பெண்களுக்கு 181.

கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள்

புது விளக்கு மாட்ட வருகிறபோது நாலு கேள்வி கேட்கலாம். எத்தனை வாட்? எத்தனை வருஷ உத்தரவாதம்? உத்தரவாதக் காலத்தில் கெட்டால் யார் மாற்றுவார்கள்? கழற்றின பழைய விளக்கு எங்கே போகிறது?

உத்தரவாதம் ஏன் முக்கியம் என்றால், எல்.இ.டி. ஆயுள் 50,000 மணி நேரம் என்று அட்டையில் போட்டிருக்கும். ராத்திரிக்கு 12 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 4,380 மணி நேரம், கணக்குப்படி 11 வருஷத்துக்கு மேல். ஆனால் நம் பக்கத்து வெயிலில், தூசியில், தண்ணீர் புகுந்த ஃபிட்டிங்கில் அது நடக்குமா? அதனால் அட்டையை நம்பாமல் உத்தரவாதச் சீட்டை நம்புங்கள்.

பழைய ட்யூபையும் சோடியம் பல்பையும் குப்பை வண்டியில் போட்டு உடைக்கக்கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிற மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பாதரச விளக்குகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். சின்னப் பிள்ளைகள் பழைய ட்யூபை எடுத்து உடைத்து விளையாடுவதைப் பார்த்தால் உடனே தடுங்கள்.

ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு நாள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. அங்கே 'தெருவிளக்குக் கரண்ட் பில் போன வருஷம் எவ்வளவு, மாற்றின பிறகு எவ்வளவு' என்று கேளுங்கள். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். எழுத்தில் வேண்டும் என்றால் 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில்.

ஒரு எச்சரிக்கை

இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பத்தின் கீழே சின்னக் கதவு மாதிரி ஒரு மூடி இருக்கும். அதற்குள்தான் ஒயர் இணைப்பும் பியூசும். மூடி திறந்து கிடந்தால், ஒயர் வெளியே தொங்கினால், அதைத் தொடாதீர்கள். மழை நேரத்தில் இரும்புக் கம்பத்தில் சாயாதீர்கள், ஆட்டையும் மாட்டையும் கட்டாதீர்கள். திருவிழாவுக்குச் சீரியல் செட் போடத் தெருவிளக்குக் கம்பியில் கொக்கி போடாதீர்கள். அதனால் விளக்கு கெடுவது இருக்கட்டும், உயிரே போகும். பியூஸ் போனால் நீங்களே ஏறாதீர்கள். ஏணியும் கையுறையும் உள்ளவர் வரட்டும்.

ஆளுக்கு ஒரு கம்பம்

உங்களிடம் நான் கேட்பது சின்னக் காரியம். இந்த இதழைப் படிக்கிற ஒவ்வொருவரும் உங்கள் வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கிற கம்பங்களில் ஒன்றைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணைப் போனில் எழுதி வையுங்கள். மாசத்தில் ஒரு ராத்திரி, சாப்பிட்டுவிட்டு ஒரு நடை போகிற சாக்கில், அது எரிகிறதா என்று பாருங்கள். எரிகிறது என்றால் வேலை முடிந்தது. எரியவில்லை என்றால் இரண்டு படம், ஒரு புகார், ஒரு எண்.

இடுப்பு ஒடிந்த அந்தப் பெரியவர் ஆறு மாசம் கழித்து ஊன்றுகோலோடு சந்தைக்கு வந்தார். அதற்குள் அந்தக் கம்பத்தில் புது விளக்கு மாட்டியிருந்தோம். வாய்க்காலுக்கு மூடியும் போட்டாகிவிட்டது. என்னைப் பார்த்து, 'இப்ப எரியுதுப்பா, நான் தினமும் பார்த்துக்கிட்டுத்தான் போறேன்' என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தவரை அந்த விளக்கு ஒரு ராத்திரிக்கு மேல் அணைந்து கிடந்ததில்லை. அணைந்த மறுநாளே அவரிடமிருந்து எனக்குப் போன் வந்துவிடும்.